அம்மா ‘என்னவாம்’ என்று கேட்டபோதெல்லாம்

உடுவில்,
புரட்டாதிச் சனி

என் மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித் தொடங்க எனக்கு முகம் இல்லை. மூன்று மாதமாக நீ எங்களோடு கதைக்கவில்லை. நான் எடுக்கும் அழைப்புகள் அடித்து ஓய்ந்துபோகின்றன. நீ எடுத்தாலும், என் குரலை நம்பு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடுவதற்கு முன் அம்மா முழுவதும் வாசிப்பார். அது அவர் போட்ட நிபந்தனை. முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீ வாசித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, ஜெசிந்தாவைக் கல்யாணம் செய்ய அம்மாவின் சம்மதம் கேட்டாயே, அம்மா மறுக்கவில்லை. ‘அந்தப் பெட்டை இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது’ என்ற சொல் அம்மாவின் வாயிலிருந்து வந்ததல்ல. அது என்னுடைய சொல். அம்மாவின் பெயரில் நான் உனக்குச் சொன்ன பொய்.

இந்தப் பொய் என் வாய்க்கு எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று மூன்று கிழமையாக யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க அது தொலைக்காட்சி நாடகத்தில்தான் போய் முடிகிறது. சிரிக்காதே. நான் ஓய்வு பெற்ற வருடம் ‘அப்பாவும் நாடகம் பாக்கத் தொடங்கிட்டாரோ’ என்று நீ பகிடி பண்ணினாய். நான் நாடகம் பார்க்கப் போனவன் அல்ல. அம்மாவுக்குக் காதாக இருக்கப் போனவன். ஷெல் விழுந்த அன்று அவருடைய வலது காது போனது உனக்குத் தெரியும். இடது காது வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய காலத்தில், கிட்டக் குனிந்து பலமாகச் சொன்னால் மட்டும் கேட்கும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து நீ வாங்கி அனுப்பிய காதுக் கருவி அலுமாரிக்குள் இருக்கிறது. ‘உதுக்குள்ளாலை காகம் கத்திறதும் ஃபான் சுத்திறதும்தான் கேக்குது, மனிசர் கதைக்கிறது கேக்கேல்லை’ என்று கழற்றி வைத்துவிட்டார். பின்னேரம் ஆறரைக்கு இந்திய நாடகம் தொடங்கினால், அவர் கதிரையை இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் போடுவார். நான் அவருடைய இடப்பக்கம் இருப்பேன். திரையில் யாராவது வாயைத் திறந்தால் உடனே ‘என்னவாம்?’ என்பார். நான் குனிந்து சொல்வேன்.

அது எனக்குக் கஷ்டமான வேலையாக இருக்கவில்லை. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் நான் செய்தது அதுதானே. பொலிஸ்காரர் சிங்களத்தில் சாட்சி சொல்ல, கூண்டில் நிற்பவனுக்கு அதைத் தமிழில் சொல்லவேண்டும். அவன் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் திருப்பவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருதடவை ஒரு கிழவி கூண்டில் நின்று பொலிஸ்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நான் திருப்பாமல் நின்றேன். நீதிபதி என்னைப் பார்த்து, அவ சொன்னது முழுவதும் எனக்கு வேண்டும் என்றார். சபை சிரிக்கச் சிரிக்க, வேர்க்க வேர்க்க, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தேன். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் உனக்கும் அதைச் சொல்லிக் காட்டினேன், உனக்குப் பத்து வயது இருக்கும். என் வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை. இன்னொருவரின் சொல்லை நான் மாற்றியதாக ஒரு சட்டத்தரணிகூட ஒருநாளும் குறை சொன்னதில்லை.

வீட்டில் அம்மாவின் இடப்பக்கத்துக் கதிரைக்கு நீதிபதி இல்லை. முதலில் சும்மா சுருக்கினேன். நாடகத்தில் ஒரு விஷயத்தை ஐந்து நிமிடம் கதைப்பார்கள். அதில் மூன்று நிமிடம் ஒவ்வொருவருடைய முகத்தையும் காட்டி இடி இடிக்கும். நான் ‘அவளுக்குக் கோவம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவேன். பிறகு அவர்களுடைய சென்னைத் தமிழ் அம்மாவுக்குப் பிடிபடாது என்று எங்கள் தமிழுக்கு மாற்றினேன். பெரிய மாளிகையில் நகைக்கடை மாதிரி நிற்கும் மாமியார், எங்கள் ஹோலில் ‘எடியே, எங்கை போட்டு வாறாய்?’ என்று உடுவில்காரியாகக் கேட்டாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். என் சொந்த அபிப்பிராயமும் அதற்குள் எப்போது ஏறிக்கொண்டது என்று எனக்கே தெரியாது.

அபிப்பிராயத்துக்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற இந்த எட்டு வருடத்தில் எத்தனையோ நாடகம் வந்து போனது. கடைசியாக நாங்கள் பார்த்தது மூன்று வருடமாக ஓடுகிறது. அதில் வருகிறவர்களின் பெயர் ஒன்றும் எங்களுக்கு ஞாபகம் நிற்காது, வட்டப்பெயர்தான். மாமியாருக்குப் பட்டுச்சீலை என்று பெயர். அவள் பட்டுச்சீலையோடு சமைப்பாள், பட்டுச்சீலையோடு படுப்பாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் சரிகைக்கரை தெரிந்தது. மருமகளுக்குப் பொறுமைசாலி என்று பெயர். அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். செய்யாத குற்றத்துக்கு எல்லாரும் ஏசும்போது வாயைத் திறந்து ‘நான் செய்யேல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் என்ன? கண்ணீர்தான் கொட்டும். நான் இப்படிக் கத்தும்போது அம்மா வேறு விதமாகச் சொல்வார். ‘அவளுக்கு வாயில்லாமல் இல்லை. கேக்கிறதுக்கு அந்த வீட்டிலை ஒருத்தரும் இல்லை’ என்பார். அந்த வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒருவர் நின்று பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, மற்றப் பாதியைக் கேட்காமல் போய்விடுவார். அதை வைத்து முந்நூறு நாள் ஓட்டுவார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரை நேருக்கு நேர் இருத்திக் கதைக்க விட்டால் வெள்ளிக்கிழமைக்குள் நாடகம் முடிந்துவிடும் என்று நான் எத்தனை நாள் அம்மாவுக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? அதைச் சொன்ன வாயும் இந்த வாய்தான்.

பட்டுச்சீலையை எனக்குப் பிடிக்காது என்பதால் அவளுக்கு நான் நியாயம் செய்யவில்லை. எப்போதாவது அவள் மருமகளைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்வாள். நான் அதை விட்டுவிடுவேன், அல்லது ‘நடிக்கிறா’ என்று சேர்த்துவிடுவேன். எழுதியவர்கள் அவளைத் திருத்தப் பார்க்க, நான் விடவில்லை. எங்கள் வீட்டுப் பட்டுச்சீலை அந்த நாடகத்துப் பட்டுச்சீலையைவிடப் பொல்லாதவள். கேட்டால் பகிடிதான். ஆனால் ஒருவர் என் சொல்லை மட்டும் நம்பியிருக்கும்போது அந்தச் சொல்லை வளைக்கலாம், வளைத்தாலும் யாருக்கும் தெரியாது என்று என் நாக்குப் பழகியது அங்கேதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வழக்கமாக எடுக்கும் வீடியோ அழைப்பு அல்ல அது. வெறும் அழைப்பு, அதுவும் என்னோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்றாய். ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னாய். குருநகர்ப் பிள்ளை என்றாய், வேதக்காரர் என்றாய், தகப்பன் கடற்தொழில் என்றும் ஒளிக்காமல் சொன்னாய். பிறகு நீ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் என்னால் இப்போதும் சொல்ல முடியும். ‘அப்பா, நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. அம்மா ஓம் எண்டால் எனக்குக் காணும். இல்லை எண்டாலும் அவவின்ரை சொல்லாலை எனக்குத் தெரியோணும். நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.’ நான் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்தியது ஏன் என்று இன்று என்னைக் கேட்டால், அப்போதே முடிவெடுத்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய இடது காதுக்குக் குனிந்து, தம்பி ஒரு குருநகர்ப் பிள்ளையை முடிக்கப்போறானாம், எங்களைக் கேக்கேல்லை, சொல்லுறானாம், நாங்கள் என்ன சொன்னாலும் முடிப்பானாம் என்றேன். நீ கெஞ்சியதை நான் அப்படித் திருப்பினேன். உன்னைத் தம்பி என்றே கூப்பிட்டு வளர்த்த அந்த மனுசி, பயற்றங்காயைச் சுளகில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ‘அவன் ஆசைப்பட்டால் முடிக்கட்டும். எங்களோடையே அவள் சீவிக்கப்போறாள்? பிள்ளையை ஒருக்காக் கண்ணாலை காட்டச் சொல்லுங்கோ’ என்றார்.

நான் திரும்பி வந்து கைபேசியை எடுத்து உனக்கு என்ன சொன்னேன் என்று மேலே எழுதிவிட்டேன். ‘அம்மாவோ அப்பிடிச் சொன்னவ?’ என்று கேட்டாய். ‘ஓம்’ என்றேன். சத்தியம் செய்து வேலைக்குப் போனவன் சத்தியமில்லாமல் சொன்ன ஓம். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று நீ கேட்கலாம். சாதி என்ற சொல்லை நான் வாயால் சொல்பவன் அல்ல. எங்கள் ஊரில் படித்தவர்கள் யாரும் சொல்வதில்லை. ‘அவை எங்கடை ஆக்கள் இல்லை’ என்று மட்டும் சொல்வோம், அது எல்லாருக்கும் விளங்கும். நான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தேன், அதிலேயே இருந்துவிட்டேன். அதற்கு வேறு நியாயம் இல்லை. என் பெயரில் மறுத்திருந்தால் நீ என்னோடு சண்டை பிடித்துவிட்டு அம்மாவிடம் வந்திருப்பாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அம்மாவின் பெயரை எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பொய்யைக் காக்க ஒவ்வொன்றாக எத்தனை பொய்! வீடியோவில் வந்தால் அம்மா ‘அவளைக் காட்டு’ என்று கேட்டுவிடுவார், அவருடைய குரல் உனக்குக் கேட்டுவிடும். ஆகவே ‘அம்மா உன்ரை முகத்தைக் கண்டால் அழுகிறா, வீடியோ வேண்டாம்’ என்று உனக்குச் சொன்னேன். அம்மாவிடம் ‘அவனுக்கு வேலை கூட, முகம் காட்ட நேரமில்லையாம்’ என்றேன். வைகாசியில் உன் கல்யாணம் முடிந்தது. ‘முடிச்சிட்டுத்தான் சொல்லுறான்’ என்றேன். அன்று அம்மா சாப்பிடவில்லை. நீ வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று எழுதி, ‘இதை அம்மாவுக்கு வாசிக்கக் குடுங்கோ’ என்றாயே, அது என் கைபேசிக்குத்தான் வந்தது. நான் வாசித்தேன். அழித்துவிட்டேன். அதில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று அம்மா இப்போது என்னைக் கேட்கிறார். எனக்கு ஞாபகம் இருக்கும் மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அது உன் எழுத்து இல்லை என்று மூடி வைத்துவிட்டார்.

அந்த மாதம்தான் நாடகத்தில் பட்டுச்சீலையின் புருஷன், நாங்கள் மீசைக்காரர் என்று சொல்கிறவர், இளைய மகனின் காதலைப் பிரித்தார். ஒரு கடிதத்தை ஒளித்து வைத்தார். நான் கதிரையில் இருந்து எழும்பி, ‘உவன் மனிசனே? பெத்த பிள்ளைக்கு ஒருத்தன் உப்பிடிச் செய்வானே?’ என்று கத்தினேன். நடிக்கவில்லை மகன், மெய்யாகவே எனக்குக் கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது. அம்மா என் கையைப் பிடித்து இருத்தி, ‘நாடகம் தானே’ என்றார். உன் கடிதத்தை அழித்த கைபேசி என் சேட்டுப் பையில் இருந்தது. நாடகத்தில் வரும் கெட்டவர்களுக்குத் தாங்கள் கெட்டவர்கள் என்று ஏன் தெரிவதில்லை என்று முன்பெல்லாம் ஆச்சரியப்படுவேன். எழுதத் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கிறிஸ்து பிறந்த நத்தார் அன்று ஜெசிந்தாவின் தாய் எங்கள் படலைக்கு வந்தார். இதை ஜெசிந்தா உனக்குச் சொல்லியிருப்பாள், ஆனால் முழுவதும் அவளுக்கும் தெரியாது. குருநகரிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு பெட்டியில் கேக்கோடு, வெயிலில் வந்து நின்றார். ‘சம்பந்தியைப் பாத்து ரெண்டு கதை கதைச்சிட்டுப் போவம் எண்டு வந்தனான் ஐயா’ என்றார். அவவுக்குக் காது கேக்காது, ஆரையும் சந்திக்க விருப்பமில்லை என்று நான் படலையைத் திறக்காமலே சொன்னேன். பெட்டியைப் படலைக்கு மேலால் நீட்டினார். வாங்காமல் விடக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு ‘ஆரது?’ என்று கேட்க, பின்வீட்டுக்காரரின் சொந்தம், கேக் குடுத்துவிட்டினம் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் நாலு நாள் வைத்து அந்தக் கேக்கைச் சாப்பிட்டோம். ‘நல்ல கைப்பக்குவம், ஆர் செய்தது எண்டு கேளுங்கோ’ என்று அம்மா சொன்னார். எனக்கு அது தொண்டையால் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

பிள்ளை பிறந்த செய்தியோடு ஆனி மாதம் நீ அனுப்பிய வீடியோவை நான் அழிக்கவில்லை. அதற்கு மட்டும் என்னால் முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, கைபேசியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஜெசிந்தா கட்டிலில் இருக்கிறாள். நீ பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதைக்கிறாய். உன் வாய் அசைவதைப் பார்த்து அம்மா என் பக்கம் திரும்பி ‘என்னவாம்?’ என்று கேட்டார். நீ சொன்னது இது: ‘அம்மா, நீங்கள் இவளை வேண்டாம் எண்டது பரவாயில்லை. பிள்ளையை மட்டும் ஒருக்காப் பாருங்கோ. பேர் நீங்கள்தான் வைக்கோணும். நீங்கள் சொல்லுமட்டும் நாங்கள் வைக்காமல் இருக்கிறம்.’ நான் சொன்னது இது: ‘பொம்பிளைப் பிள்ளையாம். தாயும் பிள்ளையும் சுகமாம்.’ அம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ‘ஏன் அழுகிறான்?’ என்று கேட்டார். ‘வேலை கூடவாம், நித்திரை இல்லையாம்’ என்றேன். அவர் திரையைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சொன்னார்: ‘பிள்ளைப்பெத்தவளுக்குப் பத்தியக்கறி வைச்சுக் குடுக்க அங்கை ஆர் இருக்கினம்? நான் வந்து பிள்ளையை முழுகவாக்கட்டோ எண்டு கேளுங்கோ.’ நான் உனக்கு என்ன எழுதினேன் என்று உன் கைபேசியில் இருக்கும். ‘அம்மா பாத்தா’ என்று இரண்டு சொல். வேறு ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை. நீ எடுக்காதது சரி.

மூன்று கிழமைக்கு முன் ஒரு புதன்கிழமை, நாடகத்தில் பட்டுச்சீலை பொறுமைசாலியிடம் மன்னிப்புக் கேட்டாள். மூன்று வருடம் இழுத்து ஒருவழியாக அந்த இடத்துக்கு வந்திருந்தார்கள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் உனக்குச் செய்ததெல்லாம் பிழை, என் பயத்தால் செய்தேன், நீ மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னாள். அம்மா ‘என்னவாம்?’ என்றார். எனக்கு அந்த மன்னிப்பைப் பொறுக்க முடியவில்லை. அது எனக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று அப்போது யோசிக்கவில்லை. ‘நடிக்கிறா. சொத்தை எழுதி வாங்கத்தான்’ என்றேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘இல்லை’ என்றார். ‘அவவின்ரை கண்ணைப் பாருங்கோ. கையைப் பாருங்கோ. அவ மெய்யாத்தான் கேக்கிறா. நீங்கள் பிழையாச் சொல்லுறியள்.’ எட்டு வருடம் காது இல்லாமல் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்த ஒருவர் முகத்தை எவ்வளவு நன்றாகப் படிக்கப் பழகியிருப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. ‘முந்தியும் உப்பிடிப் பிழையாச் சொல்லியிருக்கிறியள். நாடகம் தானே எண்டு பேசாமல் இருந்தனான்’ என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். ‘இஞ்சாருங்கோ, தம்பி அண்டைக்கு அழுதவன். நித்திரை இல்லாதவன் அப்பிடி அழான். அவன் சொன்னதையும் உப்பிடித்தான் சொன்னனீங்களோ?’

எங்கள் வீட்டில் எதையும் இரகசியமாகச் சொல்ல முடியாது, மகன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் குரலைத் தாழ்த்தித்தான் ஒப்புக்கொள்வான். கூண்டில் நின்ற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன், நீதிபதி ‘சத்தமாச் சொல்லு’ என்று அதட்டவேண்டியிருக்கும். நான் மெல்லச் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. ‘என்ன?’ என்றார். திரும்பச் சொன்னேன். ‘கேக்கேல்லை, பலமாச் சொல்லுங்கோ’ என்றார். கடைசியில் அவருடைய காதுக்குள் கத்தினேன்: ‘அவன் உம்மட்டைத்தான் கேட்டவன். நீர் ஓம் எண்டனீர். நான் அவனுக்கு, அம்மா மாட்டன் எண்டிறா எண்டு சொன்னனான்!’ ஒழுங்கையில் போன சைக்கிள் ஒன்று நின்று பிறகு போனது. கேக், வாட்ஸ்அப், வீடியோ, பேர் வைக்கச் சொன்னது, எல்லாவற்றையும் அப்படியே கத்திக் கத்திச் சொன்னேன். நான் முடித்ததும் அம்மா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினார். ‘என்ரை பிள்ளை ரெண்டு வருஷம் நான் அவனை வேண்டாம் எண்டனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறான்’ என்றார். என்னிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார்.

அவர் என்னை ஏசவில்லை. சமைக்கிறார், சாப்பாடு போட்டு வைக்கிறார், சேட்டுத் தோய்க்கிறார். ஆறரைக்கு நாடகமும் பார்க்கிறார், தனியாக. நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் போய் இருந்தால் கையைக் காட்டி எழுப்பிவிடுகிறார். ‘என்னவாம்’ என்று கேட்பதே இல்லை. நான் விறாந்தையில் இருந்து திரையில் கதைப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதெல்லாம் எனக்கு வடிவாகக் கேட்கிறது, சொல்வதற்கு ஆளில்லை. நாற்பது வருடம் அந்த மனுசியோடு சீவித்ததில் அவருக்கு நான் வேண்டும் என்று எனக்குக் காட்டிய ஒரே சொல் அந்த ‘என்னவாம்’. அதை நானே கெடுத்துக்கொண்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஜெசிந்தாவிடமும் கேட்கிறேன். அவளுடைய தாயிடம் கேட்பதற்கு அடுத்த கிழமை குருநகருக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறார், ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்கமாட்டாராம்.

நீயும் இப்போது ஒரு தகப்பன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனால் பட்டவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள். உன் வீட்டில் இரண்டு பேருக்கு இடையில் நின்று ஒருவர் சொல்லை மற்றவரிடம் காவாதே. ஜெசிந்தாவுக்கும் உன் பிள்ளைக்கும் நடுவில் நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வரும். நல்ல எண்ணத்தோடுதான் நீ இடையில் போவாய், ‘அவள் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை’ என்று ஒரு சொல்லை மெதுவாக்குவாய். அது இனிக்கும். அடுத்த தடவை இன்னொரு சொல்லை மாற்றுவாய். மற்றவர்களுக்காகக் கதைப்பவனுக்கு, அவர்களுக்குத் தன்னை விட்டால் வேறு வழியில்லை என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அது வந்தது. இந்தக் கடிதத்தையும் ஜெசிந்தாவுக்கு நீ வாசித்துக் காட்டாதே. அவள் கையில் கொடு. என்னைப் பற்றி அவள் என்ன நினைக்கவேண்டுமோ அதை அவளே நினைக்கட்டும்.

நேற்று அம்மாவிடம் போய், எழுதி முடிக்கப்போகிறேன், நீர் ஏதாவது சொல்லப்போகிறீரா என்று கேட்டேன். நீரே எழுதும் என்று பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ‘நீங்கள்தான் எழுதோணும். நான் சொல்லச் சொல்ல, நான் பாக்கப் பாக்க எழுதோணும்’ என்றார். இப்போது என் தோளுக்கு மேலால் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இனி வருவது அவருடைய சொல்:

‘தம்பி, நான் அண்டைக்கே ஓம் எண்டுதான் சொன்னனான். ஜெசிந்தாவுக்கும் சொல்லு. ரெண்டு வருஷமா ஏன் நீ முகம் காட்டேல்லை எண்டு நான் உன்னோடை கோவம். நீ என்னோடை கோவம். ரெண்டு பேரும் விசரர். இதைக் கண்டவுடனை வாற ஞாயிறு வீடியோவிலை எடு. அவளையும் பிள்ளையையும் முன்னுக்கு இருத்து. நான் கதைப்பன், உனக்குக் கேக்கும் தானே. நீ கதைக்க வேண்டாம். ஒரு பெரிய கடதாசியிலை பெரிய எழுத்தா எழுதி எழுதிப் பிடி, நான் வாசிப்பன். எனக்குக் கண் நல்லாத் தெரியுது. முதல்லை பிள்ளைக்குப் பேர் வைச்சிட்டியளோ, இன்னும் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறியளோ எண்டு எழுதிப் பிடி. கொப்பர் இடையிலை தேவையில்லை. அவர் அறைக்குள்ளை இருக்கட்டும்.’

அவர் வாசித்துப் பார்த்து, சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் அறைக்குள் இருப்பேன்.

அப்பா